வீட்டுக் காப்புறுதியும் நிலநடுக்கமும்: வன்னியில் முகவர் வேலைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் பொதுக் காப்புறுதி முகவராக இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லோரும் மோட்டார் சைக்கிள் காப்புறுதியில்தான் தொடங்குகிறார்கள். சட்டம் கட்டாயமாக்கியதை விற்பது சுலபம். வீடு அப்படியல்ல. வீட்டுக்காரரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அவர் உங்கள் வாய்ச்சொல்லை நம்பித்தான் காசு தருகிறார். ஆகவே, என்ன கிடைக்கும் என்று சொல்வதற்கு முன் என்ன கிடைக்காது என்று சொல்லப் பழகுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

வீட்டுக் காப்புறுதி எதைக் காக்கிறது? காணியும் சேருமா?

காணி சேராது. கட்டடம், உள்ளே இருக்கும் சாமான்கள், வீடு இருக்க முடியாமல் போனால் வேறிடத்தில் இருக்கும் வாடகைச் செலவு என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றும் ஒரே பொலிசியில் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். கட்டடத்துக்கு மட்டும் எடுத்தவருக்குத் தொலைக்காட்சிக்கும் தையல் மெசினுக்கும் ஒரு ரூபாவும் வராது.

பிறகு வளவைப் பாருங்கள். மதில், கிணறு, மலசலகூடம், மாட்டுக் கொட்டில் எல்லாம் தனியாக எழுதப்பட வேண்டியவை. எழுதாததற்கு நட்டஈடு கேட்க முடியாது. எங்கள் பக்கத்தில் கல்வீட்டுக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த குசினி ஒன்று தனியாக நிற்கும். அதற்கும் பெரிய வீட்டுக்கும் இடையில் எத்தனை அடி என்று நான் அளந்து முன்மொழிவுப் படிவத்தில் எழுதுவேன். அடுப்பில் பிடித்த தீ காற்றில் எழும்பி வீட்டுக் கூரை மரத்தைப் பிடித்தால், முதலில் கேட்கப்படும் கேள்வி “இந்தக் குசினியைச் சொல்லியிருந்தீர்களா?” என்பதுதான்.

முன்பக்கத்தில் சின்னக் கடை, விறாந்தையில் நெல் மூட்டை, பின் அறையில் மண்ணெண்ணெய் பரல் இருந்தாலும் அப்படித்தான். ஆபத்தைக் கூட்டும் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் இதை உச்ச நன்னம்பிக்கை என்கிறது.

தீக் காப்புறுதி எடுத்தால் வெள்ளம், புயல் எல்லாம் அதற்குள் வந்துவிடும்தானே?

வராது. இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

2018 டிசெம்பர் 21 இரவு பெய்த மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராக வெள்ளம் ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகு கண்டாவளைப் பக்கம் ஒரு அக்காவின் வீட்டுக்குப் போனேன். சுவரில் என் நெஞ்சளவுக்குச் சேற்றுக் கோடு. குளிர்சாதனப் பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் ஏற்றி வைத்திருந்திருக்கிறார். கதிரையும் பெட்டியும் சேர்ந்து கவிழ்ந்து கிடந்தன. காணிப் பத்திரத்தையும் பொலிசியையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கூரை வளையில் செருகியிருந்தார். வீட்டில் நனையாமல் இருந்தது அது மட்டும்தான். “தம்பி, இன்சூரன்ஸ் இருக்குத்தானே?” என்று கேட்டபடி எடுத்து நீட்டினார். விரித்துப் பார்த்தேன். தீ, மின்னல் இரண்டும்தான் இருந்தன. வெள்ளத்துக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டை இழுத்தவன் நான். பிரிமியம் கூடுது என்று அவர் சொன்னதும், “இதை விட்டால் குறையும் அக்கா” என்று சொல்லி, எதை விடுகிறோம் என்று விளக்காமல் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

அடிப்படைத் தீக் காப்புறுதி தீயையும் மின்னலையும் காக்கும். புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தாங்கி உடைதல், வாகனம் மோதுதல், கலவரம், களவு என்பவை மேலதிகமாகச் சேர்க்கப்படுபவை. சில நிறுவனங்கள் இவற்றில் பலதைச் சேர்த்து ஒரே வீட்டுப் பொதியாகக் கொடுக்கின்றன. அப்படிப் பொதியாக இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். வன்னியில் புயலையும் வெள்ளத்தையும் விட்டுவிட்டு வீட்டுப் பொலிசி எழுதாதீர்கள். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன் திருகோணமலைப் பக்கம் கரையேறி, வவுனியாவையும் மன்னாரையும் கடந்துதான் போனது. 2020 டிசெம்பரில் புரெவி, 2025 நவம்பரில் டித்வா. இந்தப் பெயர்களைத் தெரியாத வீடு இங்கே இல்லை.

ஒருவர் இன்னும் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை. ஆனால் “வெள்ளத்துக்குக் காப்புறுதி வேண்டாம் என்று விளங்கிக்கொண்டு சொல்கிறேன்” என்று அவர் கையாலேயே தமிழில் எழுதி வாங்குங்கள். எழுதும்போதே பாதிப் பேர் மனம் மாறுவார்கள்.

மின்னல் விழுந்து தொலைக்காட்சி எரிந்தால்?

கூரையில் நேரே விழுந்து உடைத்தால் பிரச்சினை இல்லை. மின்கம்பி வழியாக வந்த அதிக மின்னழுத்தத்தால் மோட்டாரோ தொலைக்காட்சியோ கருகினால், மின்சாதனங்களுக்கான மேலதிகச் சரத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி மாத இடியை மனதில் வைத்து இதைக் கேட்டுச் சேருங்கள்.

எவ்வளவு தொகைக்குக் காப்புறுதி செய்ய வேண்டும்?

வீட்டை இன்று திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அவ்வளவுக்கு. விற்கும் விலைக்கும் அல்ல, அன்று கட்டிய செலவுக்கும் அல்ல.

இந்த இடத்தில்தான் வன்னியில் அதிகம் பேர் ஏமாந்து போகிறார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீடு ஒன்றுக்குக் கிடைத்தது 5,50,000 ரூபா. சுமார் 550 சதுர அடி. அந்தக் காசோடு சொந்த உழைப்பையும், நகையை அடகு வைத்த காசையும் போட்டுத்தான் பலர் வீட்டை முடித்தார்கள். “வீட்டின் பெறுமதி என்ன?” என்று கேட்டால், இன்றும் அந்த ஐந்தரை இலட்சத்தைத்தான் சொல்கிறார்கள். 2022 நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் போன விலையை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

குறைத்து எழுதினால் என்ன நடக்கும்? பொலிசியில் சராசரி நிபந்தனை என்று ஒன்று இருக்கும். கணக்குக்காகச் சதுர அடி 10,000 ரூபா என்று வைப்போம். 550 சதுர அடி வீட்டைத் திரும்பக் கட்ட 55 இலட்சம். வீட்டுக்காரர் எழுதியது 33 இலட்சம், அதாவது 60 வீதம். தீயில் ஒரு பக்கக் கூரை போய் 10 இலட்சம் சேதம். “33 இலட்சத்துக்கு எடுத்திருக்கிறேன், சேதம் 10 இலட்சம்தானே, முழுவதும் வரும்” என்று அவர் நினைப்பார். வருவது 6 இலட்சம். மீதி 40 வீதத்துக்கு அவரே தனக்குக் காப்புறுதி செய்தவராகக் கணக்கிடப்படுவார். அதிலும் பொலிசியில் எழுதிய, அவரே ஏற்க வேண்டிய முதல் பங்கு கழியும்.

இந்தக் கணக்கை வீட்டுக்காரர் முன்னால், அவருடைய பிள்ளையின் கொப்பியிலேயே போட்டுக் காட்டுங்கள். வாயால் சொன்னால் விளங்காது.

இன்னொன்று: பழைய வீட்டுக்குத் தேய்மானம் கழித்துக் கொடுப்பதா, புதிதாகக் கட்டும் செலவைக் கொடுப்பதா என்பதும் பொலிசிக்குப் பொலிசி வேறுபடும். இருபது வருட ஓட்டுக் கூரைக்கு இது பெரிய வித்தியாசம்.

வங்கியில் கடன் எடுத்தபோதே காப்புறுதி செய்தாயிற்று என்கிறார்கள். பிறகு ஏன்?

அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் தொகை கடன் அளவுக்குத்தான் இருக்கும். நட்டஈடு முதலில் வங்கிக்குப் போகும். கடன் முடிந்ததும் அந்தப் பொலிசியைப் புதுப்பிக்க ஆளில்லாமல் போய்விடும். சிலர் உயிர்க் காப்புறுதியை வீட்டுக் காப்புறுதி என்று நினைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

நிலநடுக்கம் இங்கே வருமா? அதை ஏன் படிக்க வேண்டும்?

இலங்கை புவித்தட்டு ஒன்றின் உட்பகுதியில் இருக்கிறது, விளிம்பில் அல்ல. அதனால் ஜப்பான், இந்தோனேசியா போலப் பெரிய நடுக்கங்கள் இங்கே அரிது. அரிது என்றால் இல்லவே இல்லை என்று ஆகாது. 1615இல், போர்த்துக்கேயர் காலத்தில், கொழும்பில் நிலநடுக்கம் சேதம் செய்ததாகப் பதிவு இருக்கிறது. 1938இல் மன்னார் வளைகுடாவில் ஒன்று. 2020இல் கண்டியில் திகனைப் பக்கம் சிறு அதிர்வுகள். 2024 ஜூனில் வவுனியா, கெப்பித்திகொல்லாவைப் பக்கம் 2.3 அளவில் ஒரு சிறு அதிர்வு. பல்லேகலை, மஹகனதராவ, ஹக்மன, புத்தங்கல ஆகிய இடங்களில் உள்ள நிலையங்கள் மூலம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் இவற்றைப் பதிவு செய்கிறது.

பயமுறுத்தி விற்காதீர்கள். வவுனியா அதிர்வுக்குப் பிறகு ஒரு பிள்ளை, “சேர், இப்ப போனால் நிறைய எழுதலாம்” என்றான். நான் விடவில்லை. அடிக்கடி வராத ஆபத்து என்பதையும், வந்தால் கம்பியில்லாத சீமெந்துக் கல் சுவர் தாங்காது என்பதையும் இரண்டையும் சொல்லுங்கள். லிண்டல் மட்டத்தில் நான்கு சுவரையும் சுற்றிக் கம்பி போட்ட கொங்கிரீட் பட்டி ஓடுகிற வீடு, வாசலுக்கு மேல் மட்டும் லிண்டல் வைத்த வீட்டைவிட நன்றாகத் தாங்கும். வீடு பார்க்கும்போது இதையும் கவனியுங்கள்.

நிலநடுக்கக் காப்புறுதி மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

முதல் வேறுபாடு, ஒரு நடுக்கம் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளை உடைக்கும். தீ ஒரு வீட்டை, மிஞ்சினால் ஒரு தெருவை எரிக்கும். ஒரே நாளில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டி வரும் என்பதால்தான், உலகில் பல இடங்களில் இதைச் சாதாரண வீட்டுப் பொலிசியிலிருந்து விலக்கித் தனியாக விற்கிறார்கள். கலிபோர்னியாவில் 1994 நோர்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு நிறுவனங்கள் வீட்டுக் காப்புறுதி எழுதவே பின்வாங்கின. அதனால் 1996இல் கலிபோர்னியா நிலநடுக்க அதிகாரசபை உருவாக்கப்பட்டது.

அடுத்தது, வீட்டுக்காரர் தானே ஏற்க வேண்டிய பங்கு. தீயில் அது சிறிய நிலையான தொகை. நிலநடுக்கத்தில் காப்புறுதித் தொகையின் வீதமாக இருக்கும். அந்த அதிகாரசபையின் பொலிசிகளில் 5 முதல் 25 வீதம் வரை தெரிவு செய்யலாம். வீடு 5,00,000 டொலருக்குக் காப்புறுதி, பங்கு 15 வீதம் என்றால் முதல் 75,000 டொலர் வீட்டுக்காரருடையது. 60,000 டொலர் சேதமானால் கைக்கு ஒன்றும் வராது. சேதத்தின் 15 வீதம் என்று நினைத்துப் பரீட்சையில் பிழை விடுகிறவர்கள் ஏராளம். எதன் வீதம் என்பதே கேள்வி.

கடைசியாகப் பின்னதிர்வுகள். ஒரு பெரிய நடுக்கத்துக்குப் பிறகு நாள்கணக்கில் சிறு அதிர்வுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பங்கைக் கழித்தால் வீட்டுக்காரர் பாடு என்ன? அதனால் பொலிசியில் ஒரு மணிநேர வரம்பு போடுகிறார்கள், 72 மணி அல்லது 168 மணி என்று. அதற்குள் வந்தவை எல்லாம் ஒரே நிகழ்வு.

நிலநடுக்கத்தால் தீப்பிடித்தால் எந்தப் பொலிசி கொடுக்கும்?

ஊருக்கு ஊர் மாறும். கலிபோர்னியாவில் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வரும் தீயைச் சாதாரணத் தீப் பொலிசியே ஏற்க வேண்டும். பிரித்தானிய வழியில் வந்த பழைய தீப் பொலிசி வாசகமோ, நிலநடுக்கத்தால் உண்டான தீயையும் விலக்குகிறது. நிலநடுக்கச் சரத்தைச் சேர்த்தால்தான் அது உள்ளே வரும். நீங்கள் விற்கும் பொலிசியின் விலக்குகள் பக்கத்தைத் திறந்து, இந்த ஒரு வரி எப்படி இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

சுனாமி?

2004 டிசெம்பர் 26 அன்று முல்லைத்தீவில் எந்தச் சுவரும் நடுக்கத்தால் விழவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால், 9.1 அளவில் கடலடி நடுங்கியது. அதன் பிறகு கடல் வந்து ஊரை வாரிக்கொண்டு போனது. காரணம் நிலநடுக்கமா, கடற்பெருக்கா? நட்டத்தை உண்மையில் உண்டாக்கிய காரணம் எது என்று பார்க்க, காப்புறுதியில் அண்மைக் காரணம் என்று ஒரு கோட்பாடே இருக்கிறது. வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். பொலிசியில் சுனாமி என்ற சொல் எழுத்தில் இருக்க வேண்டும். கள்ளப்பாட்டிலோ சிலாவத்தையிலோ கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு வைத்திருப்பவருக்கு, “நிலநடுக்கம் இருக்கு, அதுக்குள்ள வரும்” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கலிபோர்னியப் பொலிசி சுனாமித் தண்ணீரை ஏற்பதில்லை, அது அங்கே வெள்ளக் காப்புறுதியின் வேலை.

வெளிநாட்டில் பரீட்சைக்குப் படிக்கிறேன். டிபி-1, டிபி-2, டிபி-3 என்று வருகிறதே?

அமெரிக்காவில் குடியிருப்புப் பொலிசியின் மூன்று வடிவங்கள் அவை. வாடகைக்கு விட்ட வீடுகளுக்கு அதிகம் பயன்படும், நான்கு குடும்பம் வரை இருக்கும் கட்டடங்களுக்கு. டிபி-1 அடிப்படை: தீ, மின்னல், கட்டடத்துக்குள் நடக்கும் வெடிப்பு, அவ்வளவுதான். மற்றவை மேலதிகக் கட்டணத்துக்கு. நட்டஈடு தேய்மானம் கழித்தே வரும். டிபி-2 பெயர் சொன்ன ஆபத்துகளின் நீண்ட பட்டியல், கட்டடத்துக்குத் திரும்பக் கட்டும் செலவு. டிபி-3 கட்டடத்துக்கு எல்லா ஆபத்தையும் ஏற்கும், விலக்கு என்று எழுதியவை தவிர. ஆனால் சாமான்களுக்குப் பெயர் சொன்ன ஆபத்துகள் மட்டுமே.

அதன் உள்ளே ஏ கட்டடம், பி வளவிலுள்ள மற்றக் கட்டடங்கள், சி சாமான்கள், டி இழந்த வாடகை, ஈ மேலதிக வாழ்க்கைச் செலவு (இது டிபி-1இல் இயல்பாக இல்லை). நம் வளவை நினைத்துக்கொள்ளுங்கள்: பெரிய வீடு ஏ, தனிக் குசினியும் கொட்டிலும் பி. மறக்காது. களவும், பிறருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கான பொறுப்பும் இவற்றில் இயல்பாக இல்லை. நிலநடுக்கமும் மூன்றிலும் இல்லை.

காணி பெர்மிட்டில் இருக்கிறது, உறுதி இல்லை. காப்புறுதி செய்யலாமா?

வீடு அழிந்தால் அவருக்குப் பணநட்டம் வருமா என்பதே அடிப்படைக் கேள்வி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று, அதில் தன் செலவில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு அந்த நட்டம் உண்டு. பத்திரம் யார் பெயரில், வீட்டில் இருப்பவர் யார், கட்டியவர் யார் என்று மூன்றையும் அப்படியே எழுதிக் கொடுத்து, நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பெர்மிட் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்க, மகள் வீட்டைக் காப்புறுதி செய்த இடங்களில் பிறகு பெரிய இழுபறி. அதை முதலிலேயே சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் கனடாவில். வீடு பூட்டியே கிடக்கிறது.

பல தீப் பொலிசிகளில், ஆளில்லாமல் 30 நாளுக்கு மேல் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை உண்டு. நிறுவனத்துக்கு அறிவித்து, ஒப்புதல் வாங்கினால்தான் தொடரும். யார் வந்து பார்க்கிறார்கள், மின்சாரம் துண்டித்திருக்கிறதா என்று விபரம் கொடுங்கள்.

யானை சுவரை உடைத்தால்?

நெல் வாசத்துக்கு வரும் யானை குசினிச் சுவரை உடைப்பது இங்கே புதினமல்ல. மோதல் சேதத்துக்கான வாசகம் பெரும்பாலும் வாகனம், குதிரை, மாடு என்று இருக்கும். காட்டு யானை அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வனஜீவராசிகள் திணைக்களம் யானையால் சேதமான வீடுகளுக்கு நட்டஈடு கொடுக்கிறது. பொலிசி இல்லாதவருக்கும் அந்த வழியைக் காட்டுங்கள். ஜி.எஸ்.ஸிடம், அதாவது கிராம சேவகரிடம், உடனே முறைப்பாடு பதிய வேண்டும்.

“சண்டையில் வீடு போனபோது யாரும் தரவில்லையே” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

முதலில் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை கதைக்காதீர்கள். பிறகு உண்மையைச் சொல்லுங்கள்: போரும் உள்நாட்டுப் போரும் வீட்டுப் பொலிசிகளில் விலக்கப்பட்டவை. அன்றும், இன்றும். கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு மேலதிகக் கட்டணத்தில் காப்பு உண்டு, அதன் நிதியைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிர்வகிக்கிறது. ஆனால் அது போருக்கானதல்ல. வளவில் புதைந்து கிடக்கும் பழைய வெடிபொருள் வெடித்தால் என்ன என்று முகமாலையில் ஒரு ஐயா என்னிடம் கேட்டார். நான் ஊகித்துப் பதில் சொல்லவில்லை, எழுத்தில் கேட்டுப் பதிலை அவரிடம் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முகவராக என்ன வேண்டும்?

2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இந்தத் துறையைக் கண்காணிக்கிறது. ஆட்சேர்ப்புக்கு முந்திய பரீட்சையில் சித்தியடைந்து, நிறுவனம் மூலம் பதிவாக வேண்டும். வீடு பொதுக் காப்புறுதிக்குள் வருகிறது, ஆயுள் காப்புறுதி வேறு. வாடிக்கையாளருக்கு முறைப்பாடு இருந்தால் ஆணைக்குழுவுக்கும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கும் போகலாம். அந்த வழியை அவருக்குச் சொல்லுவதும் உங்கள் வேலையே.

சேதம் நடந்த அன்று முகவர் என்ன செய்ய வேண்டும்?

அன்றே நிறுவனத்துக்கு அறிவியுங்கள், பொலிசி இலக்கத்தோடு. தீ, களவு என்றால் பொலிஸ் முறைப்பாடு. வெள்ளம், புயல் என்றால் ஜி.எஸ். கடிதம். வீட்டார் அவசரத்தில் சேதமான சாமான்களை எறிந்துவிடுவார்கள். இழப்பு மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை வளவின் ஒரு மூலையில் குவித்து வைக்கச் சொல்லுங்கள். மழை தொடர்ந்தால் கூரைக்குத் தறப்பாள் போடலாம், போட வேண்டும். மேலும் கெடாமல் பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. தறப்பாள் வாங்கிய பில்லை வைத்திருக்கட்டும்.

சுவரைக் கழுவ முன், அளவுநாடாவைச் சேற்றுக் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, திகதி தெரிய ஒவ்வொரு அறையிலும் படம் எடுங்கள். உங்கள் தொலைபேசியில் எடுத்து, அங்கேயே நின்று அவருடைய தொலைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள்.